ரெம்பிராண்ட் பாணி முதியவர் முகம்: நடுநிழல் சேறாகிறது, நெற்றி சுண்ணாம்பாகிறது

கேள்வி | கரிக்கோல்

1661 வாக்கில் டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த ஜேக்கப் ட்ரிப் உருவப்படத்தை (லண்டன் நேஷனல் கேலரி) எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுக்கிறேன். வெள்ளை அக்ரிலிக் ஜெஸ்ஸோ (அடிப்பூச்சு) பூசிய கேன்வாஸ். என் வண்ணங்கள்: டைட்டேனியம் ஒயிட் (வெள்ளை), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (சிவப்பு), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), ஐவரி பிளாக் (கருப்பு). நெற்றி சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறுகிறது, கன்னத்தின் நடுநிழல் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடைப்பட்ட பகுதி) சேறாகிறது, பின்னணி காய்ந்ததும் திட்டுத்திட்டாக மங்குகிறது. எதை மாற்றலாம்?

பதில் | பழுப்புத்தளம்

முதலில் அந்த வெள்ளைத் தளத்தை மாற்றுங்கள். 1642இன் 'இரவுக் காவல்' தொடங்கி அவருடைய பல படங்களில் குவார்ட்ஸ் மணலும் களிமண்ணும் கலந்த பழுப்பு அடிப்பூச்சுதான் இருக்கிறது. அம்பர், ஓக்கர், கொஞ்சம் வெள்ளை கலந்து நடுத்தரப் பழுப்பாகப் பூசி, நன்றாகக் காயவிடுங்கள். நிழல்களை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த அம்பரால் மட்டும் போடுங்கள்.

சேறு வருவது சதைநிறத்தில் கருப்பைக் கலப்பதால். அதற்குப் பதிலாக, வெளிர் சதைநிறத்தைக் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷில் எடுத்து, காய்ந்த பழுப்பின்மேல் மெல்ல இழுங்கள். அடித்தளம் ஊடாகத் தெரியும்போது குளிர்ந்த சாம்பல் தானாகவே வரும். கண்ணுக்குக் கீழே தொங்கும் பையும் கன்னப்பொட்டும் இதில்தான் உயிர் பெறும். இந்தப் பாணியின் அழகே அங்கேதான் இருக்கிறது!

பதில் | ஈயவெள்ளை

நெற்றி வெளிறக் காரணம் டைட்டேனியம். மூடும் சக்தி அதிகம், சாயல் குளிர்ச்சி. ரெம்பிராண்ட் காலத்து ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை இளஞ்சூடான சாயல் கொண்டது. கெட்டியாக வைத்தால் பிரஷ் தடம் அப்படியே நிற்கும். ஆனால் அது நஞ்சு: பொடியாக வாங்காதீர்கள், காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், கையுறை அவசியம். வேண்டாமென்றால் சாக் பொடியை ஆளிவிதை எண்ணெயில் களிம்பாகக் குழைத்து, டைட்டேனியத்தோடு பாதிக்குப் பாதி சேருங்கள், வீரியம் தணியும். ஜிங்க் ஒயிட் (துத்தநாக வெள்ளை) பக்கம் போகாதீர்கள், நாளடைவில் விரிசல் விடும்.

சுருக்கத்தைக் கோடாக வரையக் கூடாது. அது ஒரு மேடு: வெளிச்சம் படும் பக்கம் கெட்டிப் பூச்சு, மறுபக்கம் அடிப்பழுப்பை அப்படியே விட்டுவிடுங்கள். தாடி முடிக்கு ஈர வண்ணத்தைப் பிரஷின் பின்முனையால் கீறலாம். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்தில் உள்ள சுமார் 1628ஆம் ஆண்டுத் தற்படத்தில் ரெம்பிராண்ட் தலைமுடியை அப்படித்தான் எடுத்திருக்கிறார்.

கேள்வி | கரிக்கோல்

பின்னணி மங்கலுக்கு மேலும் ஒரு கோட் அடிக்கவா?

பதில் | பழுப்புத்தளம்

வேண்டாம். ஜெஸ்ஸோ எண்ணெயை உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும் ஆளிவிதை எண்ணெயைப் பஞ்சு உதிராத துணியால் மிக மெலிதாகத் தடவி, உடனே மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நிறம் எழுந்துவிடும். துடைக்காவிட்டால் பிசுபிசுத்து மஞ்சளாகும்.

ஐவரி பிளாக் மெதுவாகக் காயும், அம்பர் சீக்கிரம். தனிக் கருப்பின்மேல் அம்பர் ஏறினால் விரிசல்தான். இரண்டையும் கலந்தே பூசுங்கள். வழக்கமான டாமர் வார்னிஷுக்கு (கடைசியில் பூசும் பிசின் காப்புப் பூச்சு) ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும், கெட்டிப் பூச்சுள்ள நெற்றிக்கு இன்னும் கூடுதலாக.