ஆறு வயதுப் பையனுக்குக் கிட்னி கல்: ஷாக்வேவா, துளை போட்டு எடுப்பதா?

வள்ளியூர்க்காரன்:
பையனுக்கு வயிற்று வலி, சிறுநீரில் லேசாக ரத்தம். ஸ்கேனில் இடது கிட்னியில் 14 மி.மீ. கல். நாகர்கோவிலில் பார்த்த டாக்டர் ஷாக்வேவில், அதாவது வெளியிலிருந்தே அதிர்வலை விட்டு உடைக்கலாம் என்கிறார், திருநெல்வேலியில் பார்த்தவர் முதுகில் சின்னத் துளை போட்டு ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்கிறார். அத்தையோ வாழைத்தண்டுச் சாறு போதும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தியேட்டர் நர்ஸ், பாளை:
அண்ணாச்சி, இரண்டு டாக்டரும் தப்பாகச் சொல்லவில்லை. குழந்தைகளுக்கு 20 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாக ஷாக்வேவைத்தான் முதலில் யோசிப்பார்கள், கீறல் கிடையாது, பிள்ளைகளின் சிறுநீர்க் குழாய் நன்றாக விரிந்து கொடுப்பதால் தூளும் துண்டும் இறங்கிவிடும். ஆனால் அசையாமல் படுக்க வேண்டுமே, அதனால் சின்னப் பிள்ளைக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், மறுபடி ஒருமுறை செய்யவும் நேரலாம். கல் கிட்னியின் கீழ்க்குழியில் இருந்தாலோ, சிஸ்டைன் மாதிரி கெட்டியான வகையாக இருந்தாலோ ஷாக்வேவ் அவ்வளவு கைகொடுக்காது. அப்போது மினி துளைதான், முதுகுத் துளை வழியாக விடும் குழாய் பென்சில் தடிமன்கூட இருக்காது. கல் ஒரேயடியாக வெளியே வந்துவிடும், ரத்தக்கசிவு அபாயம் மட்டும் கொஞ்சம் கூடுதல். சிறுநீர்ப் பாதை வழியாக லேசர் விட்டு உடைப்பதும் உண்டு, அதையும் கேளுங்கள்.

அம்பை அம்மா:
என் மகளுக்கு லேசர்தான் செய்தார்கள். உள்ளே ஸ்டென்ட் (சிறுநீர் தடையில்லாமல் இறங்க வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தால் அதை எடுக்க இன்னொரு தடவை மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை! தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். காப்பீட்டு அட்டை செல்லுமா என்றும் அங்கேயே விசாரித்துவிடுங்கள்.

தியேட்டர் நர்ஸ், பாளை:
சாறு குடிக்கட்டும், தண்ணீர் மாதிரி நல்லதுதான், 14 மி.மீ. கல் அதில் கரையாது. மருந்தில் கரையக்கூடியது யூரிக் ஆசிட் கல், பிள்ளைகளுக்கு அது அபூர்வம். எடுத்த கல்லைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யுங்கள். பிள்ளைக்குக் கல் வந்தால் பின்னால் ஒரு காரணம் இருக்க வாய்ப்பு அதிகம், அதைப் பார்க்காவிட்டால் திரும்ப வரும். கால்சியம் என்று பயந்து பாலை நிறுத்திவிடாதீர்கள், உப்பைத்தான் குறைக்க வேண்டும். ஒன்று முக்கியம்: வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் ராத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வள்ளியூர்க்காரன்:
ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், 'லோயர் போல்' என்று போட்டிருக்கிறது. கீழ்க்குழி அதுதானே?

தியேட்டர் நர்ஸ், பாளை:
அதேதான். நாகர்கோவில் டாக்டரிடம் அதைக் காட்டி, துண்டு இறங்குமா என்று நேராகக் கேளுங்கள்.