மறு: தட்டின் கொள்ளளவா, நிரப்பளவா, வார்ப்பளவா?

குழும உறவுகளுக்கு வணக்கம்.

கேக் வகுப்புக் கையேட்டுக்கு ஒரு சொல் கேட்டு எழுதியவள் நான்தான். பதினெட்டு மடல்கள் வந்திருக்கின்றன. அதில் ஏழு, 'கேக்' என்பதையே தமிழாக்கச் சொல்கின்றன. 'அணிச்சல்' நல்ல சொல்தான். ஆனால் பாணையும் அதைச் சுடுகிற போறணையையும் போர்த்துக்கேயரிடமிருந்து வாங்கி, அவை வேற்றுமொழி என்பதையே மறந்து வாழ்கிறவர்கள் நாம். கேக் கேக்காகவே இருக்கட்டும். எனக்கு வேண்டியது வேறு.

ஒரு தட்டில் எவ்வளவு கலவை விடவேண்டும் என்பதைக் குறிக்க ஒரு சொல். இவ்வளவுதான் கேள்வி.

> 'கொள்ளளவு' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

இதை எழுதிய அண்ணாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கையேட்டின் முதற்படியில் நானும் கொள்ளளவு என்றுதான் எழுதினேன். எட்டு அங்குல விட்டம், இரண்டு அங்குல உயரமுள்ள வட்டத் தட்டின் கனவளவு ஏறத்தாழ 100 கன அங்குலம். அதாவது 1,650 மில்லிலீற்றர். பரந்தனிலிருந்து வருகிற ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு, 1,650 மில்லிலீற்றர் கலவையை அளந்து, தட்டின் விளிம்புவரை விட்டுப் போறணையில் வைத்துவிட்டாள். இருபது நிமிடத்தில் வகுப்பறை முழுவதும் கரிப்புகை. அவள் பிழை செய்யவில்லை. பாடசாலையில் கொள்ளளவு என்றால் பாத்திரம் முட்டக் கொள்ளும் அளவு என்றுதான் படித்தாள். பிழை என் சொல்லில் இருந்தது.

'நிரப்பளவு'க்கும் அதே குறைதான். பரீட்சைத் தாளில் 'இடைவெளி நிரப்புக' என்றால் இடைவெளி விட்டுவிட்டா வருவோம்? நிரப்பு என்ற சொல்லே மிச்சம் வைக்க விடாது. நமக்கோ மிச்சம் வைப்பதுதான் வேலை.

மின்சாரம் இல்லாத 1990-களில் வன்னியில் கேக் செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரிய சட்டியில் மணல், அதன்மேல் கேக் தட்டு, மூடியின் மேலே தணல். கலவை எழும்பி மூடியில் முட்டினால் மேற்பக்கம் கரி, உள்ளே பச்சை. ஆகவே அம்மா தட்டின் உட்புறம் விரலை வைத்துப் பார்த்துத்தான் விடுவார். இரண்டு விரற்கடை வெறுமையாக நிற்கவேண்டும். எவ்வளவு விடுவது என்பதை அவர் எவ்வளவு விடாமல் நிறுத்துவது என்பதிலிருந்தே கணக்கிட்டார். இந்த மடலாடலில் நாம் ஒருவருமே அந்தப் பக்கத்திலிருந்து யோசிக்கவில்லை.

அதனால் என் வாக்கு 'வார்ப்பளவு'க்கு. வார்க்கும் அளவு. முட்ட வார்ப்பதா, பாதி வார்ப்பதா என்பதை அந்தச் சொல் முன்கூட்டியே முடிவுசெய்யாது.

முல்லைத்தீவு நண்பர் ஒருவர், தோசையை நாம் சுடுகிறோம், வார்ப்பது தமிழ்நாட்டு வழக்கு என்று மறுத்திருந்தார். தோசைக்குச் சரி. ஆனால் அம்மாள் வருத்தம் (அம்மை) மாறியவருக்கு நாம் தண்ணீர் என்ன செய்கிறோம்? சாமத்தியப்பட்ட (பூப்படைந்த) பிள்ளைக்கு? வார்க்கிறோம். வீட்டில் இருக்கிற சொல்தான், அடுப்படிக்குக் கூட்டிவருவோம். பொறியியலாளர் ஒருவருடைய கேள்வி இதைவிட நுட்பமானது: வார்ப்பிரும்பு அச்சை நிறைத்து ஊற்றப்படுகிறது, ஆறும்போது சுருங்குகிறது, கேக் கலவையோ விரிகிறது, ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்துமா? பொருந்தும் என்றே நினைக்கிறேன். வார்த்ததன் பிறகு நடப்பது அந்தந்தப் பொருளின் குணம்.

ஒன்றை மட்டும் வரையறையில் கட்டாயம் சேர்க்கவேண்டும். கொள்ளளவு தட்டுக்கு மட்டும் உரியது. வார்ப்பளவு தட்டுக்கும் கலவைக்கும் சேர்த்து உரியது. அதே எட்டு அங்குலத் தட்டில் பட்டர் கேக் என்றால் குறைந்தது பாதி, கூடினால் மூன்றில் இரண்டு பங்கு: 825 முதல் 1,100 மில்லிலீற்றர். கிறிஸ்துமஸுக்குச் செய்கிற, உலர்பழங்கள் நிறைந்த றிச் கேக் அதிகம் எழும்பாது. முக்கால் தட்டுக்கு விடலாம். எனவே 'தட்டின் வார்ப்பளவு' என்று மொட்டையாக எழுதக்கூடாது.

வட்டமும் சதுரமும் படுத்தும் பாடு இன்னொன்று. எட்டு அங்குலம் எட்டு அங்குலம்தானே என்று வட்டத் தட்டுக்குச் சொன்ன கலவையைச் சதுரத் தட்டில் விடுகிறார்கள். சதுரத்தின் பரப்பு கால் பங்குக்கும் மேலே கூட. இரண்டு அங்குலம் நிற்கவேண்டிய கேக் ஒன்றரையைச் சற்றே தாண்டி நின்றுவிடும். 'எழும்பவில்லை' என்று பேக்கிங் பவுடரைத் திட்டுவார்கள். எட்டு அங்குலச் சதுரத்துக்கு இணை ஒன்பது அங்குல வட்டம். எட்டு அங்குல வட்டத்துக்கு நாலு முட்டை என்றால் பத்து அங்குலத்துக்கு ஆறு, ஆறு அங்குலத்துக்கு இரண்டு. உயரம் ஒன்றாக இருந்தால் விட்டத்தின் வர்க்கம்தான் கணக்கு. முட்டையில் சொன்னால் வகுப்பில் எல்லோருக்கும் உடனே விளங்குகிறது. இதற்கு 'தட்டுமாற்றுக் காரணி' என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். வேண்டாம். 'எத்தனை மடங்கு' என்று கேட்கத் தெரிந்தவர்களுக்குக் காரணி எதற்கு?

இதய வடிவத் தட்டுக்குச் சூத்திரம் கேட்டவருக்கு: தண்ணீர் விட்டு அளவுங்கள். அடி கழலும் தட்டென்றால் ஒழுகும். அரிசியைப் போட்டுத் தலைதட்டி, அதை அளவுக் குவளையால் அளவுங்கள். ஆட்டக்காரி அரிசியானாலும் சம்பாவானாலும் பரவாயில்லை.

அம்மா விட்ட அந்த இரண்டு விரற்கடைக்கும் ஒரு பெயர் வேண்டும். 'பொங்குவெளி' என்று வைக்க ஆசை. 'எழும்பு' என்பதுதான் நம் வாய்ச்சொல் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் 'எழும்புவெளி' நாக்கில் நிற்கவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயிலில் பொங்கல் பானை பொங்கி வழிந்தால் கைகூப்புகிறோம், போறணையில் வழிந்தால் கரி சுரண்டுகிறோம். அந்த வேறுபாடு தெரிந்த ஊருக்குப் பொங்குவெளி போதும்.

சனிக்கிழமை வகுப்பில் எழுதிப் பார்த்த வாக்கியம் இது: 'பட்டர் கேக்குக்கு எட்டு அங்குல வட்டத் தட்டின் வார்ப்பளவு 1,000 மில்லிலீற்றர், பொங்குவெளி ஒரு விரற்கடைக்குக் குறையக்கூடாது.' வாசித்துவிட்டு அளவுக் குவளையை எடுத்தார்கள். சொல்லைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பரந்தன் பிள்ளை மட்டும் கையை உயர்த்தினாள்: "மிச்சக் கலவையை என்ன செய்வது அக்கா?"

பால் வந்த தகரப்பேணி இரண்டுக்கு எண்ணெய் தடவி வைத்திருந்தோம். அதில் விட்டோம், பாதிப் பேணிதான்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து