மரமே இல்லாத வயல்வெளியில் மான்கள் எப்படி வாழ்கின்றன?

பட்டர்வொர்த்வாசி:
வணக்கம். ஜனவரியில் போலந்தில் படிக்கும் மகளைப் பார்க்கச் சென்றபோது, வார்சாவிலிருந்து போஸ்னான் செல்லும் ரயிலிலிருந்து, பனி மூடிய வயலின் நட்டநடுவே முப்பதுக்கும் மேற்பட்ட மான்கள் படுத்திருக்கக் கண்டேன். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு தோப்புகூட இல்லை. செபராங் பிறை நெல்வயல்களில் கொக்கைப் பார்த்து வளர்ந்தவன் நான். வயலில் மானைப் பார்த்ததில்லை. அவை வழிதவறி வந்தவையா? பசியில் வாடுமோ என்ற கவலை இன்னும் நீங்கவில்லை.

செந்தூல் அன்பன்:
கவலை வேண்டாம், ஐயா. அவை ரோ மான்களாகத்தான் இருக்க வேண்டும். 20 முதல் 30 கிலோ எடையுள்ள சிறிய மான்கள். காட்டில் தனித்தோ சிறு குடும்பமாகவோ வாழும் அதே இனம், மத்திய, கிழக்கு ஐரோப்பாவின் பரந்த வயல்களில் ஆண்டு முழுவதும் தங்கப் பழகியிருக்கிறது. இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமையும் ரேப்சீட் கடுகும் பனிக்கடியில் பச்சையாகவே இருப்பதால், முன்னங்காலால் பனியைக் கிளறி மேய்கின்றன. ஒளிய இடமில்லாத குறையைக் கூட்டம் தீர்க்கிறது: ஒன்று மிரண்டு ஓடினால் அதன் பின்புறத்து வெள்ளை ரோமம் விரிந்து மற்றவற்றை எச்சரிக்கும்.

பினாங்கு மாணவி:
சருகில் மறையும், மலாயில் பிலாண்டோக் எனப்படும் சிறு விலங்கைச் சருகுமான் என்றும், திறந்த வெளியில் மேய்வதை வெளிமான் என்றும் பெயரிட்ட நம் முன்னோர் வாழிடத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள்! ஆனால் கோடியக்கரை வெளிமான் உண்மையில் மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் கொம்பு விழுவதில்லை. ரோ கிடாவோ இலையுதிர்காலத்தில் கொம்பை உதிர்த்து, குளிர்காலத்திலேயே புதியதை வளர்க்கும்; வளரும் கொம்பை மென்ரோமத் தோல் போர்த்தியிருக்கும்.

பட்டர்வொர்த்வாசி:
மிக்க நன்றி, அம்மா. என் படத்தில் இரண்டு கிடாக்களின் கொம்புகள் தடித்து, பஞ்சு சுற்றியதுபோல் தெரிவதன் காரணம் இப்போதுதான் புரிகிறது. கோடையிலும் இதே கூட்டமாக இருக்குமா?

செந்தூல் அன்பன்:
இருக்காது. வசந்தத்தில் கூட்டம் கலைந்து, மே, ஜூன் மாதங்களில் பெண்மான்கள் உயர்ந்த புல்லுக்குள் குட்டி ஈனும். உண்மையில் நாம் கவலைப்பட வேண்டிய காலம் அதுதான். ஆபத்து நெருங்கினால் குட்டி ஓடாது; அசையாமல் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். நரியிடமிருந்து காக்கும் அந்தப் பழக்கமே புல்வெட்டும் இயந்திரத்தின் முன் உயிரைப் பறிக்கிறது. அதனால் ஜெர்மனி போன்ற நாடுகளில், தரை சூடேறுவதற்கு முன் விடியற்காலையில் வெப்பப்படக் கருவி பொருத்திய ட்ரோனைப் பறக்கவிட்டுத் தேடுகிறார்கள். கண்டெடுத்த குட்டியை, மனித வாடை படாதபடி கையுறையணிந்து, கை நிறையப் புல்லோடு அள்ளி வரப்போரம் வைக்கிறார்கள்.