பக்கத்தில் உட்கார்ந்தால் மகள் விரட்டுகிறாள்

கேள்வி:
மகளுக்கு 4 வயது. தினமும் வேலை முடிந்து வந்ததும் அரை மணி நேரம் அவளுடன் தரையில் உட்காருகிறேன். கைபேசி அடுத்த அறையில்தான் இருக்கும். ஆனாலும் நேற்று, "போங்கப்பா, நான் தனியா விளையாடுறேன்" என்றுவிட்டாள். நான் திட்டக்கூட இல்லை. "இது என்ன நிறம்? எத்தனை கட்டை இருக்கு? பெரிசைக் கீழே வை, விழாது" என்றேன், அவ்வளவுதான். நேரம் ஒதுக்கியும் ஏன் இப்படி?

பதில் 1:
பரீட்சை மேற்பார்வையாளரை யார் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள், சகோ?

பதில் 2:
நானும் அதே மேற்பார்வையாளர்தான். மகன் அடம் தாங்காமல் ஆலோசகரிடம் போனபோது ஒரு பயிற்சி கொடுத்தார். ஷீலா ஐபர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் உருவாக்கிய சிகிச்சை முறையில் வருவது. தினம் 5 நிமிடம், விளையாட்டை நடத்துவது பிள்ளை. நாம் கேள்வி கேட்கக் கூடாது, ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. அவன் செய்வதை அப்படியே சொல்லலாம், நன்றாகச் செய்தால் பாராட்டலாம். 5 நிமிடம்தானே என்று இளக்காரமாக நினைத்தேன். முதல் நாள் எண்ணிப் பார்த்தால் 19 கேள்விகள்! "வண்டி மேலே ஏறுது" என்றுதான் ஆரம்பிப்பேன். வாயிலிருந்து வரும்போது "ஏறுதா?" என்று ஆகிவிடும். அந்த ஒரு 'ஆ'வைக் கைவிட எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இன்னொன்று, அன்று அவன் எவ்வளவு சேட்டை செய்திருந்தாலும் இந்த 5 நிமிடத்தை ரத்து செய்யக் கூடாது என்றார். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

பதில் 3:
என் கைக்குழந்தையிடம் இப்படி வர்ணனை செய்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மாக்டா கெர்பர் என்ற குழந்தை வளர்ப்பு நிபுணர் இரண்டு வகை நேரத்தைச் சொல்லியிருக்கிறார்: குளிப்பாட்டி உடுத்துவது போல நமக்கு ஒரு காரியம் ஆகவேண்டிய நேரம், நமக்கு எதுவுமே வேண்டாத நேரம். இரண்டிலும் கவனம் முழுசாக இருக்க வேண்டும். இரண்டாவதில் நான் பேசுவதே இல்லை. அவள் திரும்பிப் பார்த்தால் நானும் பார்ப்பேன்.

கேள்வி கேட்டவர்:
நேற்று முயன்றேன். 5 நிமிடத்தில் 6 கேள்வி வாயிலிருந்து நழுவிவிட்டது. கோபுரம் சாயப்போவது தெரிந்தும் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சாய்ந்தது. அவள் அழவில்லை, திரும்ப அடுக்கினாள், மறுபடி சிறிய கட்டைதான் கீழே. அப்புறம் ஒரு கட்டையை என் பக்கம் தள்ளிவிட்டாள். அதை என்ன செய்ய வேண்டும் என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டு கையிலேயே வைத்திருந்தேன்.