ஃபேன் சத்தமா, டக்ட் சத்தமா? அனுபவப் பகிர்வு

டெசிபெல்:
டக்ட் (காற்றுக் குழாய்) பொருத்திய ஃபேன் சத்தம் போட்டால், சத்தத்தை அடக்கும் சைலன்சர் வாங்கலாமா என்று யோசிக்கும் முன் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். மின்சாரம் போன அதே கணத்தில் ரீங்காரம் நின்றுவிட்டால் அது மோட்டாரின் காந்தச் சத்தம். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் 100 ஹெர்ட்ஸில் கேட்கும். இம்பெல்லர் (பிளேடுகள் உள்ள சுழல் சக்கரம்) வேகம் குறையக் குறைய சுருதியும் கூடவே இறங்கினால் பிளேடு சத்தம். சுருதியே இல்லாமல் வெறும் 'உஸ்ஸ்' தேய்ந்து அடங்கினால் காற்றுக் கொந்தளிப்பு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பிளேடு சத்தத்துக்குக் கணக்கு இருக்கிறது: பிளேடு எண்ணிக்கை × ஆர்பிஎம் ÷ 60. 8 பிளேடு, 1440 ஆர்பிஎம் என்றால் 192 ஹெர்ட்ஸ். மொபைல் ஸ்பெக்ட்ரம் ஆப் போதும். அது காட்டும் டெசிபெல்லை நம்ப வேண்டாம், அதிர்வெண்ணை நம்பலாம். 192, அதன் இரு மடங்கான 384 இரண்டிலும் ஊசி மாதிரி கோடு நின்றால் இம்பெல்லருக்குப் பக்கத்தில் ஏதோ இடிக்கிற தூரத்தில் இருக்கிறது, அல்லது காற்று ஒழுங்காக உள்ளே போகவில்லை. பேலன்ஸ் கோளாறு என்றால் சுற்றுக்கு ஒருமுறை, அதாவது 24 ஹெர்ட்ஸ்; மொபைல் மைக்கில் அது சரியாக விழாது, மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தால் தெரிந்துவிடும்.

மைக்கைக் காற்றுக்கு நேராக நீட்டாதீர்கள். ஸ்பாஞ்ச் உறை போட்டு, அச்சிலிருந்து 45 டிகிரி விலகி, 1 மீட்டரில் வையுங்கள். ஃபேனை நிறுத்திவிட்டும் ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபெல்லுக்கு மேல் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளலாம், 6 என்றால் ஓடும்போது அளந்ததில் ஒன்றே கால் டெசிபெல் கழிக்க வேண்டும், 3-க்குக் கீழே என்றால் அந்த அளவையே தூக்கிப் போடலாம்.

தகரம்:
மேலே சார் சொன்ன 'ஒழுங்காக உள்ளே போகவில்லை' என்பதில்தான் முக்கால்வாசி வழக்கு. இடமில்லை என்று இன்லெட்டிலேயே (காற்று நுழையும் வாயில்) எல்போவை, அதாவது வளைவுக் குழாயை, ஒட்டிவிடுகிறார்கள். வளைவின் வெளிப்பக்கம் காற்று வேகமாகவும் உள்பக்கம் மந்தமாகவும் வருகிறது. ஒவ்வொரு பிளேடும் சுற்றுக்கு ஒருமுறை இந்த ஏற்ற இறக்கத்தை வாங்குகிறது, சுருதி தூக்கலாகிறது. காற்றளவும் குறையும். அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டுவார்கள். சத்தம் இன்னும் ஏறும். இன்லெட்டுக்கு முன் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது நேர்க்குழாய் விடுங்கள். முடியாவிட்டால் எல்போவுக்குள் டர்னிங் வேன் (காற்றைத் திருப்பிவிடும் வளைந்த தகடு) போடுங்கள்.

அவுட்லெட்டில் (காற்று வெளியேறும் வாயில்) காற்றின் வேகம் விநாடிக்கு 12.5 மீட்டர் வரை என்றால் இரண்டரை விட்டம் நேராகப் போகட்டும். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 5 மீட்டர் வேகத்துக்கும் இன்னொரு விட்டம் சேர்க்க வேண்டும். திருப்பியே ஆக வேண்டுமென்றால், இம்பெல்லர் சுற்றும் திசையிலேயே திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பிய எல்போ உறுமும்.

யாரும் கவனிக்காத ஒன்று, ஃபேனையும் டக்டையும் இணைக்கும் கேன்வாஸ் துணி. நிறுத்தி வைத்திருக்கும்போது அழகாகத்தான் இருக்கும். ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்: இன்லெட் பக்கக் கேன்வாஸ் தொளதொளவென்று இருந்தால் சுற்றிலும் உள்வாங்கி, 450 மி.மீ. வாய் 400 ஆகிவிடும். சுருங்கிய அந்த விளிம்பிலிருந்து கிளம்பும் சுழல் நேராகப் பிளேடில் போய் விழுகிறது. இரண்டு பக்கத் தகரமும் ஒரே நேர்கோட்டில் வருமாறு ஃபேனை நகர்த்தி, கேன்வாஸை மடிப்பில்லாமல் கட்ட வேண்டும். அதற்காகத் தோல் மாதிரி விறைப்பாக இழுத்தால் அதிர்வு டக்டுக்குத் தாவிவிடும்.

புதுசு:
அண்ணே, டக்டுக்குள் சத்தம் உறிஞ்சும் 25 மி.மீ. லைனிங் ஒட்டிய பிறகும் உறுமல் அப்படியே இருந்தால் என்ன அர்த்தம்? முன்பைவிட அதிகமாகக் கூடத் தெரிகிறது.

தகரம்:
கூடவில்லை தம்பி, மறைத்துக்கொண்டிருந்த 'உஸ்ஸ்' போய்விட்டது, அவ்வளவுதான். 25 மி.மீ. லைனிங் 500 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் நன்றாக வேலை செய்யும். 63, 125 ஹெர்ட்ஸை அது சீண்டுவதே இல்லை. அகலமான சதுர டக்டின் தட்டைப் பக்கத்தில் கை வைத்துப் பார், முரசு மாதிரி துடிக்கும். இரும்பு ஆங்கிள் வைத்து விறைப்பாக்கு. ஃபேனை ஒட்டிய நீளத்தை மட்டுமாவது வட்டக் குழாயாக மாற்றினால் இன்னும் நல்லது. வட்டத் தகரம் தாழ்ந்த சத்தத்தை அவ்வளவாக வெளியே விடாது.

கிரில்:
அறைக்குள் விசில் என்றால் ஃபேனைத் தொட வேண்டாம். கிரிலுக்கு (காற்று அறைக்குள் வரும் சட்டத்துக்கு) பின்னாலேயே இருக்கும் டேம்பரை, அதாவது காற்றளவைக் கட்டுப்படுத்தும் மடலை, பாதி மூடி வைத்திருப்பார்கள். காற்று வேகம் இரட்டித்தால் இந்தச் சத்தம் 15 முதல் 18 டெசிபெல் ஏறும். கிரில் டேம்பரை முழுக்கத் திறந்துவிட்டு, கிளை பிரியும் இடத்தில் இருக்கும் டேம்பரில் அளவைக் குறையுங்கள். டிஃப்யூசருக்கு (கூரையில் காற்றைப் பரப்பிவிடும் வாய்க்கு) மேல் ஃப்ளெக்ஸிபிள் டக்ட் (வளையும் குழாய்) அரை விட்டம் விலகி வளைந்திருந்தாலே 12 முதல் 15 டெசிபெல் கூடிவிடும். ஏணி போட்டு நிமிர்த்திக் கட்டினால் முடிந்தது வேலை.

டெசிபெல்:
வேகத்தைக் குறைப்பது பற்றி. 20 சதவீதம் குறைத்தால் ஏறக்குறைய 5 டெசிபெல் இறங்கும், மின்சாரமும் பாதியாகும். ஆனால் அழுத்தம் 36 சதவீதம் போய்விடும். எனவே அடைசலான ஃபில்டர், நெருக்கமான எல்போ இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணு டிரைவ்) போட்ட பிறகு மோட்டார் கீச்சிட்டால், அந்த டிரைவ் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் கேரியர் அதிர்வெண்ணை 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8-க்கு ஏற்றுங்கள். டிரைவ் கூடுதலாகச் சூடாகும், மேனுவலில் எவ்வளவு கரண்ட் அனுமதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுசு:
இரண்டு ஃபேன் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது 'வ்வாங்... வ்வாங்' என்று சத்தம் ஏறி இறங்குவது பேரிங்கா?

டெசிபெல்:
இல்லை. 8 பிளேடில் ஒன்று 1440, இன்னொன்று 1425 ஓடினால் 192-ம் 190-ம்; விநாடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஒன்றை நிறுத்துங்கள், அந்த ஆட்டம் போய்விடும். பெல்ட் ஃபேன் என்றால் பெல்ட் இறுக்கத்தைச் சரிபார்த்தாலே வேகம் ஒன்றுக்கொன்று நெருங்கும்.

தகரம்:
ஒன்றை நிறுத்தியும் ஆட்டம் போகாமல், ஒழுங்கில்லாமல் 'குப் குப்' என்று மூச்சு வாங்கினால் அது ஸ்டால், அதாவது காற்று பிளேடை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடுவது. டேம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வாருங்கள். காற்றளவு கூடக் கூடச் சத்தம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், அந்த டக்டுக்கு ஃபேன் பெரிது.