கெம்பஸ் பிள்ளைகளுக்குச் சாப்பிடத் தெரியலையா, வழியில்லையா?

மிட்வைப்_அக்கா:
கொஞ்சம் கோபத்தோடதான் எழுதுறேன். நம்ம கிளினிக்குக்கு முதல் பிள்ளைக்கு வர்ற தாய்மார்ல இப்ப டிகிரி முடிச்சவங்க நிறைய. சந்தோஷம்தான். ஆனா ரத்தம் சோதிச்சா ஹீமோகுளோபின் 11க்குக் கீழ நிக்குது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழ போனா ரத்தசோகைன்னு கணக்கு. என்னம்மா சாப்பிடுறீங்கன்னு கேட்டா புரதம், விட்டமின், இரும்புச்சத்து எல்லாம் பாடமா ஒப்பிக்கிறாங்க. காலையில என்னான்னா, "டீயும் பிஸ்கட்டும் மிஸ்." எப்ப இருந்து? "கெம்பஸ் போன நாள்ல இருந்து."

பகல் சோறு சாப்பிட்ட கையோட ஒரு பிளேன்டீ. கீரை, பருப்புல இருக்கிற இரும்பை உடம்பு எடுக்க விடாம அந்தச் சாயம் பிடிச்சு வச்சுக்கும். சோதனைத் தாள்ல கேட்டா எழுதுவாங்க. தன் கோப்பைல அது நடக்குதுன்னு தெரியாது. படிச்ச பிள்ளைகளுக்குச் சாப்பிடத் தெரியல, இதுதான் என் முறைப்பாடு. யாருக்கும் மறுப்பு இருந்தா சொல்லுங்க.

ஹட்டன்_புள்ள:
மறுப்பு இருக்கு அக்கா. நான் மூணாம் வருஷம். கெம்பஸ் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற மகாபொல உதவிப்பணம் 2025ல மாசம் 7500 ஆச்சு, அதுக்கு முன்னாடி 5000. 7500ஐ முப்பது நாளைக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 250 ரூபா. ஒரு மரக்கறிச் சோத்துப் பார்சலோட அது முடிஞ்சுடும். காலைச் சாப்பாடு, ராச் சாப்பாடு, போட்டோகொப்பி, பஸ், டேட்டா எல்லாம் எதுல? வீட்ல கேக்கலாம்தான். வீட்ல அம்மா தோட்டத்து மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்து எடுத்துத்தான் தம்பியும் படிக்கிறான்.

எனக்கு எது நல்லதுன்னு தெரியும். முட்டை நல்லது, நெத்தலி நல்லது, பப்பாசி நல்லது. பார்சல்ல முட்டை வச்சா விலை கூடும், அதுவும் தெரியும். அப்புறம் எதைத் தெரியலன்னு சொல்றீங்க?

பழைய_பட்டதாரி:
எங்க காலத்துல இந்த 250ம் கிடையாது. ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கிட்டுப் போய்ப் படிச்சோம். இப்பப் பிள்ளைகள் கொத்துக்கும் ரோல்ஸுக்கும் கொடுக்கிற காசுல நல்லாச் சாப்பிடலாம்.

ஹட்டன்_புள்ள:
வந்துட்டாரு சேர். ஒங்க காலத்துல தோட்டத்துல இருந்து கெம்பஸ் போனவங்க எத்தனை பேரு? போகாதவங்களுக்கு யாரு சாப்பாடு பார்த்தது?

வடமராட்சிப்_பெடியன்:
நான் வடக்கில இருந்து மலைநாட்டுக்குப் படிக்க வந்தனான். காசுப் பிரச்சினை உண்மைதான், ஆனா காசு இருக்கிறவங்களும் அதையேதான் சாப்பிடுறாங்கள். என்ர அறையில ஒருத்தனுக்கு வீட்டில இருந்து நல்லாக் காசு வரும். காலையில ஒண்டுமில்லை, பத்து மணிக்கு ரோல்ஸும் சோடாவும், ராவில பிரைட் றைஸ். மரக்கறியைக் கண்டா ஒதுக்கி வைப்பான். அவனுக்கு மகாபொலவும் கிடைக்கேல்ல, தேவையுமில்லை. அப்ப அக்கா சொல்லுறது முழுக்கப் பிழையெண்டு சொல்லேலாது.

சோடாவைப் பற்றி ஒண்டு. போத்தலில இருக்கிற சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டத்தைப் பாத்திருப்பீங்கள். 2016ல வந்தது. நூறு மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல சீனியெண்டா சிவப்பு. அவன் எடுக்கிறது செம்மஞ்சள்தான், "சிவப்பில்லை மச்சான்" எண்டு சந்தோஷமாக் குடிப்பான். 10 கிராம் இருந்தாலும் செம்மஞ்சள்தானே. 400 மில்லிப் போத்தலுக்கு 40 கிராம் சீனி. நிறம் தெரியும், பெருக்கத் தெரியேல்ல.

ஜிம்_ராஜா:
உடம்பைப் பார்க்கிறவனும் கெம்பஸ்ல இருக்கான், எல்லாரையும் ஒரே கூடைல போடாதீங்க. நாங்க புரோட்டீன் பவுடர் எடுக்கிறோம். முட்டை மஞ்சள் கொலஸ்ட்ரோல், அதை எறிஞ்சுடுவோம்.

மிட்வைப்_அக்கா:
ராஜா தம்பி, ஒரு முட்டைல சுமார் 6 கிராம் புரதம். நாலு முட்டை எடுத்தா ஒங்க பவுடர் ஒரு கரண்டி அளவு வந்துடும். ரெண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்க. மஞ்சளை எறியும்போது விட்டமின் A, விட்டமின் D ரெண்டும் சேர்ந்து குப்பைக்குப் போகுது. கொலஸ்ட்ரோல் வருத்தம் இல்லாத இருபத்திரண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு முட்டை மஞ்சள்ல ஒண்ணும் ஆகாது.

ஹட்டன் புள்ளைக்கு. காசு விஷயத்துல ஒங்களோட சண்டையில்லம்மா. ஆனா சீனி போட்ட டீயை ஒரு நாளைக்கு அஞ்சு தரம் குடிக்கிறதுக்குக் காசு எங்க இருந்து வருது? கோப்பைக்கு ரெண்டு தேக்கரண்டின்னு வைங்க, கிட்டத்தட்ட 50 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் மேல் எல்லைன்னு சொல்றதே ஒரு நாளைக்கு அவ்வளவுதான், முடிஞ்சா 25க்குள்ள நிறுத்தச் சொல்லுது. அந்தக் காசுல ரெண்டு கோப்பையைக் குறைச்சுட்டுக் கடலை வாங்கலாமே.

ஹட்டன்_புள்ள:
தேத்தண்ணியில கை வைக்காதீங்க அக்கா. மத்தவங்களுக்கு அது ருசி. நம்மாளுகளுக்கு அது பசியடக்கி. அம்மா காலையில ஒரு ரொட்டியும் ஒரு சொம்புச் சாயமும் குடிச்சுட்டு மலை ஏறுனா பகல் வரைக்கும் அதுதான். நான் ஹோஸ்டல்ல செய்றதும் அதேதான், பழக்கம் கெம்பஸ்ல வந்தது இல்ல.

2016 ஆய்வுல அஞ்சு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க இலங்கை முழுக்க நூத்துக்கு 17 பேரு. தோட்டப்புறத்துல 32 பேரு. அந்தத் தோட்டத்து லய வீடுகள்ல இருந்துதான் நாங்க கெம்பஸ் வர்றோம். இருபது வருஷம் சரியாச் சாப்பிடாத உடம்பை மூணு வருஷப் படிப்போட கணக்குல எழுதாதீங்க.

மிட்வைப்_அக்கா:
அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம் புள்ள, லயம் லயமா ஏறி அந்தப் பிள்ளைகளை நிறுக்கிறவளே நான்தான். அதனாலதான் கோபம். அந்தச் சுத்து எங்கயாச்சும் அறுபடணும்னா படிச்ச பொண்ணுகிட்டத்தான் அறுபடணும். நீங்க கர்ப்பமா வந்து நிக்கும்போது நான் மாத்திரை கொடுக்கலாம், அதுக்கு முன்னாடி உள்ள அஞ்சாறு வருஷத்தை நான் திருப்பித் தர முடியாது.

வாசல்_கடைமாமா:
இவ்வளவு நேரம் வாசிச்சுட்டு இருந்தேன். நான் ஒரு கெம்பஸ் வாசல்ல பார்சல் கடை வச்சிருக்கேன், பேரு வேணாம். என் பார்சலைப் பிரிச்சுக் காட்டுறேன், பிறகு சண்டை போடுங்க. லஞ்ச் சீட் நிறைய சோறு, அதுல பாதியைத் தின்னாலே வயிறு நிறையும். ஒரு பக்கம் தண்ணியாப் பருப்பு, ஒரு கரண்டி. வெலிமடைக் கிழங்கு ஒரு பிரட்டல். ஒரு கறி. ஓரத்துல பப்படம். மூலையில ஒரு சிட்டிகை வல்லாரைச் சம்பல். அது நான் வைக்கிறேன். பாதிப் பேர் சீட்டோட மடிச்சு வீசுறாங்க, வாளியைப் பார்த்தாத் தெரியும்.

ஏன் சோறு இவ்வளவுன்னா, பிள்ளைகள் கேக்கிறதே அதுதான். "மாமா, கறி குறைச்சாலும் பரவாயில்ல, சோத்தைக் கூட்டிப் போடுங்க." ஒரு பார்சலை ரெண்டு நேரத்துக்கு வச்சுச் சாப்பிடுற பிள்ளைகளும் இருக்கு. அது எனக்குத் தெரியும். ராவுல பிரிச்சா பழுதாகி மணக்கும்னு தேங்காய்ப்பால் கறி வேணாம்பாங்க.

மரக்கறி கேக்கிறீங்க. நுவரெலியா கரட்டும் லீக்ஸும் என் கடை வாசலாலதான் லொறில கீழ இறங்குது. இங்க விளையுதுன்னு எனக்கு யாரும் விலை குறைச்சுத் தர்றதில்ல. மழைக்குக் கரட் விலை ஏறினா அன்னைக்கு எல்லாருக்கும் கோவாக் கறிதான்.

வடமராட்சிப்_பெடியன்:
மாமா, பருப்பை ஏன் தண்ணியா வைக்கிறீங்கள்? அதிலதானே புரதம் இருக்கு. நூறு கிராம் மைசூர்ப் பருப்பில 24 கிராமளவு. உங்கட ஒரு கரண்டியில புரதம் நாலு கிராம்கூட இராது.

வாசல்_கடைமாமா:
தம்பி, கெட்டியா வச்சா நாற்பது பேருக்குப் போற பானை இருபத்தஞ்சு பேரோட முடியும். நீங்க விலை கூட்டித் தருவீங்களா? முந்தி ஒரு கிழமை வச்சுப் பார்த்தேன், "மாமா, பருப்பு இறுகிப் போச்சு, பிரிட்ஜ்ல வச்சதா?"ன்னு கேட்டாங்க.

ஜிம்_ராஜா:
சோயா மீட் போடலாமே மாமா. புரதம் எக்கச்சக்கம், விலையும் குறைவு.

வாசல்_கடைமாமா:
போடுறேன். செவ்வாயும் வெள்ளியும். பையன்கள் இறைச்சின்னு நினைச்சு வாங்கிட்டு முகத்தைச் சுழிக்கிறாங்க.

மிட்வைப்_அக்கா:
இதைத்தான் சொல்றேன். வல்லாரை வாளிக்கு, சோயாவுக்கு முகச்சுழிப்பு, கெட்டிப் பருப்புக்குக் கேலி. இதுல எது காசில்லாத குறை?

ஹட்டன்_புள்ள:
வல்லாரையை வீசுறது நானில்ல அக்கா, அந்தக் குற்றத்தை என் தலைல கட்டாதீங்க. சரி, ஒண்ணு கேக்கிறேன். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழிச்சு டீ குடிக்கணும்பீங்க. பன்னிரண்டரைக்கு லெக்சர் முடியும், ஒண்ணரைக்கு பிரக்டிகல், அது நாலரை வரைக்கும். இடையில எனக்கு டீ குடிக்க யாரு லீவு தருவா? டீ இல்லாம பிரக்டிகல்ல தூங்குனா மார்க்கை நீங்க போடுவீங்களா?

மிட்வைப்_அக்கா:
அப்ப சாப்பாட்டுக்கு முன்னாடி குடிங்க. பத்தரைக்குக் குடிச்சா பகல் சாப்பாட்டுக்கு ரெண்டு மணித்தியாலம் இடைவெளி வந்துடும். சாப்பாட்டோட தேசிக்காய் பிழிஞ்ச ஏதாவது, இல்லாட்டி ஒரு கொய்யா. விட்டமின் சி இரும்பை உள்ள எடுக்க உதவும். அந்த வல்லாரைச் சம்பல்ல மாமா தேசிக்காய் விடுறார்தானே? அதுவே போதும், வீசாம இருந்தா. மீன், இறைச்சில இருக்கிற இரும்புக்கு டீ அவ்வளவு தடையில்ல, பருப்பும் கீரையும் நம்பி இருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கவனம்.

ஹட்டன்_புள்ள:
பத்தரை முடியும். பாக்கிறேன். ஆனா 250 ரூபா கணக்குக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.

மிட்வைப்_அக்கா:
அதுக்குப் பதில் என் கைல இல்ல. மகாபொல கொடுக்கிறவங்களைக் கேளுங்க, நானும் கூட வந்து கேக்கிறேன்.

வாசல்_கடைமாமா:
பத்தரைக்கு வர்றதா இருந்தா திங்கள்ல இருந்து கடலைச் சுண்டல் போடுறேன், தேங்காய்ப்பூ தூவி, சின்னப் பார்சலா. கொப்பில கடன் இருக்கிறவங்க முதல்ல அதை முடிச்சுட்டு வாங்க.