'யார்': ஆற்றங்கரையா, வசந்தமா?

வடகாற்று:
ரஷ்ய மொழியில் 'யார்' என்றொரு குட்டிச் சொல் இருக்கிறது. செங்குத்தான கரை என்று பொருள். சைபீரியாவின் க்ராஸ்னயார்ஸ்க் நகரின் பெயருக்குள் இருப்பது அதுதான். அதே மொழியில் 'யாரஸ்த்' என்றால் கடுஞ்சினம்; 'யரவோய்' என்றால் வசந்தத்தில் விதைக்கும் பயிர். செக் மொழியில் வசந்தத்துக்கே 'யரோ' என்று பெயர். பனி உருகுகிறது, ஆறு சினந்து பாய்கிறது, கரையை அறுக்கிறது. மூன்றும் ஒரே ஸ்லாவிய வேரில் முளைத்தவை என்பதே என் உறுதியான கருத்து.

சொல்தேடி:
காட்சி அழகாக இருக்கிறது. ஆனால் கரையைக் குறிக்கும் 'யார்' துருக்கிய மொழிகளிடம் வாங்கிய கடன். ஏழு என்ற எண்ணைப் பாருங்கள்: துருக்கியில் 'யெதி', கசாக்கில் 'ஜெதி', தென் சைபீரியாவின் துருக்கிய மொழியான ககாஸில் 'சிதி'. கரையும் இதே தடத்தில் போகிறது: யார், ஜார், சார். (இந்தச் சகரங்களைப் 'பச்சை'யில் வருவதுபோல் அழுத்தி ஒலிக்க வேண்டும்.) நம் யாறு ஆறானது; யாடும் யாமையும் கூடவே ஆடும் ஆமையும் ஆயின. ஒலி மாறினால் இப்படி வரிசையாகத்தான் மாறும். ககாஸியர் ரஷ்யரிடம் இச்சொல்லை வாங்கியிருந்தால் யகரம் அப்படியே நின்றிருக்கும்.

வடகாற்று:
1628இல் யெனிசேய் ஆற்றின் கரையில் கோட்டை கட்டி 'க்ராஸ்னி யார்', அதாவது செங்கரை, என்று அழைத்தவர்கள் ஆந்த்ரேய் துபென்ஸ்கி தலைமையில் வந்த ரஷ்யர்கள் அல்லவா? கீவ் நகரிலும் பாபின் யார் இருக்கிறது. கீவுக்கும் சைபீரியாவுக்கும் என்ன தொடர்பு?

சொல்தேடி:
ககாஸியர் அந்நகரைக் 'கிசில்சார்' என்கிறார்கள். அதற்கும் செங்கரை என்றே பொருள். உள்ளூர்ப் பெயரைத்தான் ரஷ்யர்கள் மொழிபெயர்த்துக்கொண்டார்கள் என்று கருதுகிறேன். கீவைப் பற்றிக் கேட்டீர்கள். துருக்கிய மொழி பேசியவர்கள் சைபீரியாவில் மட்டுமா வாழ்ந்தார்கள்? கீவுக்குத் தெற்கே விரிந்த புல்வெளி 11ஆம் நூற்றாண்டிலிருந்து கிப்சாக்குகளின் கையில் இருந்தது. சண்டையும் சம்பந்தமுமாகப் பல தலைமுறைகள் பழகியவர்கள். அங்கே கடன் வாங்கச் சைபீரியாவுக்குப் போக வேண்டியதில்லை.

ஆற்றுமணல்:
இருவரும் நிலத்தைப் பார்க்க மறந்துவிட்டீர்கள். சைபீரியாவில் 'யார்' என்பது ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை. நீர் அடியில் அரிக்க, மேல்விளிம்பு புல்லும் வேருமாக அந்தரத்தில் தொங்கி, ஒருநாள் பெயர்ந்து விழும். உக்ரைனிலோ அது மழைநீர் அறுத்த பள்ளத்தாக்கு. பாபின் யாரும் அப்படிப்பட்ட பள்ளம்தான். 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் நாஜிகள் அங்கே 33,771 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. கரை, பள்ளம் என்று பொருள் பிரிந்தாலும் இரண்டும் நீர் பிளந்த மண். துருக்கியில் 'யார்மாக்' என்றால் பிளப்பது.

வடகாற்று:
பிளப்பது என்ற வினை என்னை அசைத்துவிட்டது. கரையை விட்டுக்கொடுக்கிறேன். வசந்தமும் சினமும் ஒன்று என்பதை மட்டும் விடமாட்டேன்.

சொல்தேடி:
அங்கே உங்களுக்குத் துணை உண்டு; ஒரே வேர் என்பாரும் இரண்டு என்பாரும் இருக்கிறார்கள். நான் இரண்டு என்பேன். வசந்தச் சொல்லுக்கு ஜெர்மனின் 'யார்', அதாவது ஆண்டு, உறவு. சினத்துக்கோ, நீர் கலக்காத கடும் மதுவைக் குறித்த கிரேக்கச் சொல் 'ஸோரோஸ்' உறவு என்பார்கள். பருவம் வேறு, காரம் வேறு.

வடகாற்று:
அப்படியானால் யாரஸ்லாவ்ல்? வோல்காவின் உயர்ந்த கரைமேல்தானே அந்த நகரம் நிற்கிறது?

சொல்தேடி:
நிற்கிறது, ஆனால் பெயர் கரையிலிருந்து வரவில்லை. இறுதியில் உள்ள 'ல்' பழைய ரஷ்யனில் உடைமை காட்டும் விகுதியின் எச்சம்: யாரஸ்லாவ் என்ற இளவரசனுடைய ஊர். அவன் பெயரில் இருப்பது உங்கள் ஸ்லாவிய 'யார்'தான்.